பாக்கெட்டில் அடங்கும் துப்பாக்கி: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் துப்பாக்கி உரிமம் பற்றி நாலு வரி எழுதப்போக, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. பெயர் போட வேண்டாம் என்று கிட்டத்தட்ட எல்லாருமே கேட்டிருக்கிறார்கள், அதனால் ஊர் மட்டும் போடுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை, துப்பாக்கிக் கடைக்காரனும் இல்லை. டெக்சாஸில் குடியிருந்து, சனிக்கிழமை காலையில் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, போய்ச் சுட்டுவிட்டு வருகிற, பதினோரு வருடமாக இடுப்பிலோ பாக்கெட்டிலோ ஒன்றை வைத்துக்கொண்டு நடமாடுகிற சாதாரண ஆள்.

கேள்வி: டாலஸ் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. இரவு பத்து மணிக்குக் கல்லாப் பணத்தோடு காருக்கு நடக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. பேன்ட் பாக்கெட்டில் போட்டால் வெளியே தெரியாத சின்னப் பிஸ்டலாக ஒன்று சொல்லுங்கள் அண்ணா. ரூகர் எல்சிபி மேக்ஸ், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர், சிக் சாவர் பி365 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். (டாலஸ்)

தம்பி, துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் அந்தப் பணத்துக்கு ஒரு வழி பண்ணுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பையில், ஒரே கதவு வழியாகக் காசு வெளியே வருகிறது என்று நோட்டம் பார்க்கிறவனுக்குத் தெரிந்தால், உங்கள் பாக்கெட்டில் எது இருந்தாலும் அவன்தான் முந்துவான். பகலிலேயே பாதியை வங்கியில் கட்டிவிடுங்கள், காரைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், கூட ஒருவரை வைத்துக்கொண்டு பூட்டுங்கள். அப்புறம் துப்பாக்கியைப் பேசலாம்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மூன்றும் நல்ல சாமான்தான், ஆனால் மூன்றும் மூன்று ஜாதி. எல்சிபி மேக்ஸ் கிட்டத்தட்ட 300 கிராம், .380 தோட்டா, மேகசினில், அதாவது பிடிக்குள் சொருகும் தோட்டாப் பெட்டியில், 10. 642 சுமார் 410 கிராம், .38 ஸ்பெஷல், ஐந்தே ஐந்து தோட்டா. பி365 அரைக் கிலோ, 9 மில்லிமீட்டர், மேகசினில் 10. கடையில் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துக் காட்டும்போது எல்லாருடைய கையும் முதலில் எல்சிபிக்குத்தான் போகும், ஏதோ சிகரெட் பெட்டி மாதிரி உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்ளும். அதை ரேஞ்சில் எடுத்து நாற்பது தோட்டா சுட்டுப் பாருங்கள். எடை குறையக் குறைய உதை கூடும், அந்த உதை முழுக்கக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சதையில் வந்து இறங்கும். சுண்டு விரலுக்குப் பிடியில் இடமே இருக்காது, கீழே தொங்கிக்கொண்டிருக்கும். நான் முதன்முதலில் இந்த அளவுத் துப்பாக்கி ஒன்றால் ஏழு கஜத்தில் சுட்டபோது, பெரிய பிஸ்டலால் காபி டம்ளர் வாய்க்குள் அடங்கிய ஓட்டைகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரந்து கிடந்தன. மூன்றாவது மேகசினில், வெடிக்கும் முன்பே கண்ணை மூட ஆரம்பித்துவிட்டேன். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடாது.

தோட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஆட்களை இழந்த பிறகு எஃப்பிஐ தோட்டாக்களை, உடம்புச் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் சுட்டுச் சோதிக்க ஆரம்பித்தது, குறைந்தது 12 அங்குலம், கூடினால் 18 அங்குலம் உள்ளே போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சின்னக் குழலிலிருந்து வரும் .380 ஹாலோ பாயின்ட், அதாவது உள்ளே போனதும் விரியும்படி நுனியில் குழி விட்ட தோட்டா, பல நேரம் விரிந்தால் ஆழம் போகாது, ஆழம் போனால் விரியாது. 9 மில்லிமீட்டரில் இந்த இழுபறி குறைவு. பழகுவதற்கான தோட்டாவிலும் .380தான் 9 மில்லிமீட்டரைவிட விலை அதிகம், அதனால் துப்பாக்கியில் மிச்சம் பிடித்த காசு பயிற்சியில் போய்விடும், அல்லது பயிற்சியே நின்றுவிடும். இரண்டாவதுதான் வழக்கமாக நடப்பது.

642 இதில் தனி ரகம். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் உள்ளேயே மறைந்திருப்பதால் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது, நெருக்கடியில் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே அடுத்தடுத்துச் சுடலாம். ஸ்லைடு, அதாவது ஒவ்வொரு தடவை சுடும்போதும் பின்னால் போய்வரும் மேல்பாகம், வைத்த பிஸ்டலை அப்படிச் சுட்டால் துணியில் சிக்கி முதல் தோட்டாவோடு நின்றுபோக வாய்ப்பு உண்டு. ஆனால் ட்ரிகரை இழுக்கக் கிட்டத்தட்ட ஐந்தரைக் கிலோ பலம் வேண்டும், குறி பார்க்கும் முனையோ பேருக்கு ஒரு மேடு. சுடத் தெரிந்தவன் கையில் அது அருமையான துப்பாக்கி, புதிதாகப் பழகுகிறவனை அழவைத்துவிடும். "சின்ன ரிவால்வர், ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது" என்று கவுன்டரில் சொல்வார்கள், தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் பி365. கனமான பேன்ட் துணியாக இருந்தால் முன் பாக்கெட்டிலும் போகும், இல்லாவிட்டால் சட்டையை வெளியே விட்டு இடுப்புக்கு உள்பக்கம் வையுங்கள், கடைக்காரர்கள் சட்டையை வெளியே விடுவது நமக்குப் புதிதா என்ன. இல்லை, பாக்கெட்டுக்குத்தான் வேண்டும், கோடையில் மெல்லிய பேன்ட்தான் போடுவேன் என்றால் எல்சிபி மேக்ஸ் வாங்குங்கள், அதன் உதையைப் பொறுத்துக்கொண்டு மாதம் ஐம்பது தோட்டாவாவது சுடுவேன் என்று உங்களுக்கே சத்தியம் பண்ணிக்கொண்டு வாங்குங்கள். வாங்கும் முன் இரண்டையும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்பது அவசியம்.

ட்ரிகரை முழுக்க மூடும் பாக்கெட் உறை இல்லாமல் வெறும் துப்பாக்கியைப் பாக்கெட்டில் போடவே கூடாது. அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக்கூடாது, சாவிக்கொத்து, சில்லறை, பேனா மூடி எதுவும். ட்ரிகரில் மாட்டி வெடிக்க ஒரு சாவி போதும். வெளியே எடுத்தால் உறை பாக்கெட்டிலேயே தங்கிவிட வேண்டும், அதற்காகத்தான் நல்ல உறைகளின் வெளிப்பக்கம் சொரசொரவென்று இருக்கும். எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒரு நாள் இரவு படுக்கப் போகும் முன் துப்பாக்கியை எடுத்தால் மேகசின் கால் அங்குலம் கீழே இறங்கித் தொங்குகிறது. காரில் உட்கார்ந்து எழும்போது மேகசினை விடுவிக்கும் பொத்தான் அழுந்தியிருக்கிறது, காலையிலிருந்தா மாலையிலிருந்தா, யாருக்குத் தெரியும். எடுத்துச் சுட்டிருந்தால் குழலில் இருந்த ஒன்றோடு கதை முடிந்திருக்கும். அதோடு குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், நீல நிறத்தில் பஞ்சு, துவைத்த பேன்ட் பாக்கெட்டின் அடியில் உருண்டு கிடக்குமே, அதே பஞ்சு. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழற்றித் துடைக்கிறேன். வீட்டில் அதற்கு எண்ணெய்க் குளியல் என்று பெயர்.

கேள்வி: என் கணவர் வாங்கித் தந்த பிஸ்டலின் ஸ்லைடை என்னால் இழுக்கவே முடியவில்லை. இரவு ஷிஃப்ட் நர்ஸ் வேலை, கைப்பையில் வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன். பெண்களுக்கு என்று தனியாக ஏதாவது இருக்கிறதா? (ஹூஸ்டன்)

பெண்களுக்கு என்று தனியாக இருப்பது பிங்க் பெயின்ட் மட்டும்தான் அம்மா, உள்ளே எல்லாம் ஒன்றே. சின்னத் துப்பாக்கியின் ஸ்லைடு பெரியதைவிடக் கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சின்ன ஸ்லைடுக்கு எடை போதாது, அதை ஈடுகட்ட உள்ளே வைக்கும் சுருள்வில்லை விறைப்பாக வைக்கிறார்கள். அதனால் இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளிப் பாருங்கள்: குழல் சுவர்ப்பக்கம், அதாவது யாரும் இல்லாத, தோட்டா போனாலும் தாங்கும் பக்கம் பார்த்திருக்க, விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க, இடது கையால் ஸ்லைடை மேலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வலது கையால் பிடியை முன்னால் குத்துவதுபோலத் தள்ளுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பெரெட்டா டாம்கேட் போல, குழலின் பின்முனை மேலே எழும்பித் திறக்கும் ரகம் இருக்கிறது, தோட்டாவை நேராகக் குழலில் வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொடவே வேண்டாம், ஆனால் .32 தோட்டா, பலம் குறைவு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல் கொண்டுவந்த ஷீல்டு ஈஸி .380 இழுக்க லேசானது, பாக்கெட்டில் அடங்காது, இடுப்பில் அடங்கும்.

கைப்பை வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஹேடன் என்ற ஊரில் வால்மார்ட் கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் பைக்குள் கைவிட்டது. பையில் துப்பாக்கிக்கென்றே தனி அறை இருந்தது, அம்மாவுக்கு உரிமம் இருந்தது, சின்ன வயதிலிருந்து பழகியவர். குழந்தை கை ட்ரிகரில் பட்டு அம்மா அங்கேயே இறந்துபோனார். பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் துப்பாக்கியையும் சேர்த்துத்தான் கொண்டுபோவான் என்பது இன்னொரு பக்கம். உடம்போடு ஒட்டி வைக்க முடியாதென்றால் வைக்காமலே இருங்கள். அப்புறம், மருத்துவமனை வாசலில் துப்பாக்கி கூடாது என்று பலகை இருக்கிறதா, வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பெட்டகம் முதலில், துப்பாக்கி பிறகு. சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி அசட்டையாக விட்டு, பிள்ளை அதை எடுத்தால், டெக்சாஸில் அது பெரியவர்மேல் குற்றம்.

கேள்வி: ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் கைத்துப்பாக்கியோடு நடமாட உரிமமே வேண்டாம் என்கிறார்களே, நானும் ஒன்று வாங்கலாமா? (ஆஸ்டின்)

கூடாது. உரிமம் வேண்டாம் என்பது மாநிலச் சட்டம், அதுவும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களுக்கு. உங்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்வது மத்திய அரசின் சட்டம், பிரிவு 922(ஜி)(5). ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 என்று தற்காலிக விசாவில் இருக்கிற எல்லாரும் அதில் அடக்கம், துப்பாக்கி மட்டுமல்ல, ஒற்றைத் தோட்டாகூட வைத்திருக்கக்கூடாது. 2022க்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. நண்பருடையதை ரேஞ்சில் "சும்மா ஒரு தடவை" வாங்கிச் சுடுவதும் கையில் வைத்திருந்ததாகத்தான் கணக்கு. வேட்டை உரிமம் எடுத்தவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு, அதை நம்பி இறங்குவதாக இருந்தால் ஆயுதச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் தெரிந்த வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்டுவிட்டு இறங்குங்கள், ஆபீஸ் நண்பர்கள் சொல்வதைக் கேட்டு வேண்டாம். கிரீன் கார்டு வரும்வரை பெப்பர் ஸ்ப்ரே.

கேள்வி: டெக்சாஸிலிருந்து எடிசனுக்கு மாறி வந்துவிட்டேன். என் டெக்சாஸ் உரிமமும் பிஸ்டலும் இங்கே செல்லுமா? (நியூ ஜெர்ஸி)

உரிமம் செல்லாது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூ யார்க் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு நியூ ஜெர்ஸியிலும் சாதாரண ஆட்கள் உரிமம் வாங்க முடிகிறது, ஆனால் அந்த மாநிலத்திலேயே மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் போகக்கூடாது, உங்களிடம் பி365க்கு 12 தோட்டா மேகசின் இருந்தால் அது அங்கே குற்றப் பொருள். டெக்சாஸில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஹாலோ பாயின்ட் தோட்டாவை வீட்டில் வைக்கலாம், ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாம், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. வாங்கி இறக்கிவிட்டுச் சட்டம் படிக்கிற ஊர் இல்லை அது. முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பாக்கெட்டில் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லைதானே? (ஃபிரிஸ்கோ)

உங்கள் தமிழ்ப் பள்ளி எங்கே நடக்கிறது? வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடக் கட்டடத்தில் என்றால், அ ஆ சொல்லித்தரப் போனாலும் பொங்கல் விழாவுக்குப் போனாலும் அது பள்ளிக்கூடம்தான், உள்ளே கொண்டுபோகக்கூடாது. யாருக்கும் தெரியாது என்பதும் அவ்வளவு நிச்சயமில்லை. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்துகிறீர்கள், கீழே விழுந்த சாக்பீஸைக் குனிந்து எடுக்கிறீர்கள், எட்டு வயதுப் பையன் உங்கள் பாக்கெட் உயரத்தில் நிற்கிறான். காரில் விட்டுப் போகலாம் என்றால் இருக்கையின் அடிக்கம்பியோடு வடத்தால் கட்டிய இரும்புப் பெட்டியில் விடுங்கள், டாஷ்போர்டு அறையில் வேண்டாம், கார்க் கண்ணாடியை உடைக்கிறவன் முதலில் திறப்பது அதைத்தான். தபால் நிலையத்துக்குள்ளும் கூடாது, அது மத்திய அரசு விதி. அங்கேயே குடிக்க மது விற்பதே பிரதான வருமானமாக இருக்கும் பார் வாசலில் சிவப்பில் 51 என்று பெரிதாக எழுதிய பலகை இருக்கும், அங்கேயும் கூடாது.

கேள்வி: இந்தக் குட்டித் துப்பாக்கிகள் எப்போது வந்தன? லிங்கனைச் சுட்டது இதுபோன்ற ஒன்றா? (கோவை)

ஆமாம். 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டனில் ஃபோர்டு தியேட்டரில் லிங்கனைச் சுட்டது ஃபிலடெல்ஃபியாவில் ஹென்றி டெரிஞ்சர் என்பவர் செய்த உள்ளங்கைத் துப்பாக்கி. ஒரே ஒரு குண்டு, அதற்குமேல் திரும்ப மருந்து இடிக்க வேண்டும். அந்தத் துப்பாக்கியை அதே தியேட்டரில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், பார்த்தால் பொம்மை என்றுதான் தோன்றும். இன்றைய பாக்கெட் பிஸ்டலுக்குப் பாட்டன் என்றால் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டாவில் பிறந்த இவர் வடிவமைத்ததை பெல்ஜியத்தில் எஃப்என் நிறுவனம் செய்து உலகம் முழுக்க விற்றது. .25, .32, .380 தோட்டா மூன்றும் அவர் கைவேலை, .380 வந்தது 1908இல். டாலஸ் தம்பி கேட்கும் எல்சிபி மேக்ஸில் போடுவதும் அதே தோட்டாதான், நூறு வருடத்துக்கு மேலாக அளவு மாறவில்லை. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் எஃப்என் செய்த .380தான்.

உங்களுக்கு இன்னும் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் நின்ற பெட்டிக்குள் ஏறிக் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். துணிக்குள் மறைத்து நடைமேடையில் சாதாரணப் பயணிபோல நடந்துபோக முடிந்ததற்கு அதன் அளவுதான் காரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

கேள்வி: விடுமுறைக்குச் சென்னை போகிறேன். உறை, சுத்தம் செய்யும் சாமான் இதெல்லாம் பெட்டியில் இருந்தால் பிரச்சினை வருமா? மாமனார் ஊரில் ஒன்று வாங்கித் தரச் சொல்கிறார். (சான் அன்டோனியோ)

மாமனாருக்கு வாட்சு வாங்கிக் கொடுங்கள். இந்தியாவில் 9 மில்லிமீட்டர் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம், 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் எடுத்தவர்களே .32 ரிவால்வரோடுதான் காலம் தள்ளுகிறார்கள். 2014இல் கான்பூர் தொழிற்சாலையில் பெண்களுக்கென்று நிர்பீக் என்ற பெயரில் அரைக் கிலோ எடையில் ஒன்று செய்தார்கள், அதன் விலை அப்போதே ஒரு லட்சத்தைத் தாண்டியது. அங்கே உரிமம் கிடைக்க கலெக்டர் ஆபீஸுக்கு நடக்கிற நடையை மாமனாரிடமே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் உறையைப் பற்றி எனக்குப் பயமில்லை, பெட்டியைப் பற்றித்தான் பயம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையையே ஊருக்கும் எடுத்துப்போகிறவர்கள் நம்மில் நிறைய. பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒற்றைத் தோட்டா தங்கியிருந்தால் போகும்போது இங்கே தப்பினாலும் சென்னை விமான நிலைய எக்ஸ்ரேயில் அகப்படும், அது இன்னும் சுடாத தோட்டாவாக இருந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்துவிட்டது என்று வக்கீல் வைத்து நிரூபித்து வெளியே வரலாம்தான், அதற்குள் விடுமுறை முடிந்து டிக்கெட்டும் வீணாகியிருக்கும். புதுப் பை வாங்குங்கள். இல்லை, அதே பைதான் என்றால் எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகப் பிடித்து, வெள்ளை விரிப்புமேல் நன்றாக உதறிவிட்டு, உள் துணியின் கிழிசலுக்குள்ளும் விரலை விட்டுப் பாருங்கள். என் பையில் அப்படித்தான் இரண்டு கிடைத்தன.